மரபணு என்றால் பரம்பரை என்று படிக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் அரிய வகை மென்திசுப் புற்றுநோய்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வரி: "இவை மரபணுக் கோளாறால் வருபவை." அந்த ஒரு வரியால் என் தம்பி வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோயிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. வேலூரில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில், திசுப் பிரிவில், 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, ஐஸ் மேல் வைத்துக் குளிரவைத்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டர் மேஜையில் வைப்பது என் வேலை. ஒரு தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் சித்திரை வெயிலில், கரண்ட் இல்லாத நேரத்தில், அந்த மெழுகைச் சுருக்கம் விழாமல் சீவுவதற்கே ஒரு பொறுமை வேண்டும். நோயின் பெயரை எழுதுவது டாக்டர். ஆனால் அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எங்களுக்கும் கண் பழகிவிடும்.

என் தம்பி மகனுக்கு அந்த மென்திசுப் புற்றுகளில் ஒன்றான எபிதீலாய்டு சார்கோமா என்ற நோய் வந்தது. அவனுக்குத் தங்கை ஒருத்தி. அவளைப் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருந்தது, பூ வைக்க நாள் பார்க்கிறோம் என்றார்கள். உங்கள் கட்டுரை வந்த மறுநாள் தரகர் வழியாக ஒரு கேள்வி வந்தது. "பையனுக்கு வந்தது மரபணு நோயாமே, பேப்பர்லயே போட்டிருக்கு. பொண்ணுக்கும் இருக்குமா? பொறக்கற கொழந்தைக்கு வருமா?" அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நமக்குப் பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றிய பயம் யாருக்கும் வரும். என் வருத்தம் அந்தச் சொல்லின் மேல்தான். 'மரபணு' என்ற சொல்லுக்குள்ளேயே 'மரபு' இருக்கிறது. நம் ஆட்கள் அதைப் படித்தால் அப்பன் பாட்டன் வழி என்றுதான் மனதில் விழும். உடம்பில் ஏதோ ஒரு செல்லில், வாழ்க்கையின் நடுவில், ஒரு மரபணு காணாமல்போவதும், தாய் தகப்பனிடமிருந்து வருவதும் இரண்டு வேறு விஷயங்கள். பேப்பரில் எழுதுகிறவர் இரண்டையும் பிரித்து ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சரி, அவன் கதையைச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் வீட்டிலாவது இது உபயோகப்படும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. அப்போது 24 வயது. 2022 வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது வலது உள்ளங்கையை என் முன்னால் நீட்டினான். மோதிர விரலின் அடியில் பட்டாணி அளவு ஒரு முண்டு. "அத்த, இது இன்னான்னு பாரேன். வலிக்கல. கத்தி புடிக்கும்போதுதான் உறுத்துது." தோல் வெட்டுகிற கை, காய்ப்புக் காய்ச்சிப்போன கை. நானும் காய்ப்பு என்றுதான் சொன்னேன். 31 வருஷம் கட்டிகளோடு வாழ்ந்தவள் சொன்னேன். அதை நினைத்து இன்றைக்கும் ராத்திரி எழுந்து உட்காருவேன்.

இரண்டு மாதத்தில் மேலே தோல் விட்டு புண்ணானது. ஒரு கிளினிக்கில் ஆணி என்று மருந்து வைத்தார்கள். ஆறவில்லை. இன்னொரு இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டு அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பவில்லை. "சின்னதுதானே, எதுக்கு வீண் செலவு" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்களாம். அவன் அன்றைக்கு எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் பஸ் ஏறிப் போய் அந்தத் துண்டை நானே கையில் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஐந்து மாதம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்திலேயே திரும்பவும் வந்தது. அப்புறம் மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில், வரிசையாக இரண்டு. இந்த நோயின் நடை அப்படித்தான். விரலில் ஆரம்பித்து, தசைநாண் ஓடுகிற பாதையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இந்த முறை பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில், நடுவில் செத்துப்போன திசு, சுற்றிலும் எபிதீலாய்டு செல்கள், கிரானுலோமா (அதாவது அழற்சி செல்கள் கூடித் திரண்ட முண்டு), காசநோயாக இருக்கலாம் என்று வந்தது. காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்தான். அது மாத்திரையால்தான், பயப்படாதே என்றேன். நான்கு மாதம் சாப்பிட்டான். கட்டி வளர்ந்தது.

ரிப்போர்ட் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊரில் பத்துக் கிரானுலோமா பார்த்தால் பெரும்பாலும் காசநோய்தான். அதோடு இந்த நோயே அப்படி வேஷம் கட்டும். 1970-ல் பிரான்ஸ் என்சிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 62 பேருடைய கட்டிகளை ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். கிரானுலோமா போலவும், தோலிலும் உறுப்புகளின் உறையிலும் வருகிற கார்சினோமா என்ற புற்று போலவும் ஏமாற்றும் சார்கோமா என்று அவரே அன்றைக்கு எச்சரித்தார். காசநோய்ப் புண்ணைச் சுற்றி நிற்கிற செல்லுக்கும் 'எபிதீலாய்டு' என்றுதான் பெயர், இந்தப் புற்றுக்கும் அதே பெயர். சாதாரண ஊதா, ரோஸ் சாயத்தில் பார்த்தால் நல்ல கண்ணும் தடுமாறும்.

நான் போய் பிளாக்கைக் கேட்டு வாங்கினேன். மெழுகுக் கட்டிதானே, கொடுத்துவிட்டார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்து டாக்டர் மேடத்திடம் கொண்டுபோனேன். சாதாரண ஸ்லைடைப் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அக்கா, ஐ.என்.ஐ-1 போட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

அது ஒரு ஸ்டெயின். மெல்லிசாகச் சீவிய திசுவைக் கண்ணாடியில் ஏற்றி, மருந்துத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வேகவைப்போம். வீட்டில் பருப்பு வேகவைக்கிற குக்கர் மாதிரிதான். அப்புறம் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியை விட்டு, அது பிடித்த இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும்படி செய்வோம். ஐ.என்.ஐ-1 என்பது ஸ்மார்க்-பி1 என்ற மரபணு செய்கிற புரதம். உடம்பில் நல்ல செல் எதுவாக இருந்தாலும் அதன் உட்கருவில் அது இருக்கும். அதனால் நல்ல திசுவில் இந்த ஸ்டெயின் போட்டால் புள்ளி புள்ளியாக எல்லாமே பழுப்பு.

அன்றைக்கு ஸ்லைடை நானே போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், கை நடுங்கியது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் ரத்தக்குழாயின் சுவர் பழுப்பு, நடுவில் ஓடுகிற வெள்ளையணுக்கள் பழுப்பு, தோலின் செல்கள் பழுப்பு. கட்டியின் செல்கள் மட்டும் வெறும் வெளிர் நீலம். தெருவிளக்கு எல்லாம் எரியும்போது ஒரு தெரு மட்டும் இருட்டாகக் கிடக்குமே, அந்த மாதிரி. பக்கத்தில் பழுப்பு இருப்பதால் ஸ்டெயின் சரியாக வேலை செய்திருக்கிறது என்று தெரியும், தப்பு என்று தட்டிக்கழிக்க வழியில்லை. காசநோய் செல்லில் இந்தப் புரதம் போகாது. எபிதீலாய்டு சார்கோமாவில் பத்தில் ஒன்பது பேருக்குப் போய்விடும். மேடம் என் தோளில் கை வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்தப் புரதம் போனால் ஏன் புற்று வரவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஸ்டெயின் போடத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் மேடம் நிறையச் சொல்லிக் கொடுத்தார், நானும் தேடித் தேடிப் படித்தேன். உங்கள் கட்டுரை தாண்டிப்போன இடம் இதுதான்.

எங்கள் அப்பா குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்தவர். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாங்களும் சுற்றவேண்டும். சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்துத் தார்க்குச்சியில் சுற்றும்போது இறுக்கிவிட்டால், தறியில் குறுக்கே நூல் கொண்டுபோகிற நாடா ஓடும்போது நூல் இறங்கி வராது, அறுந்துவிடும். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கத்துவார். நூலில் குறை இருக்காது. சுற்றினதில்தான் குறை.

நம் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ நூல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்குள் அதை அடைக்கவேண்டும். எப்படி அடைத்திருக்கிறது என்றால், ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஒரு உருண்டை. அதன் மேல் டி.என்.ஏ கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சுற்று, எழுத்துக் கணக்கில் 147 எழுத்து. அப்புறம் கொஞ்சம் வெறும் நூல், மறுபடி ஒரு உருண்டை. ஒரு செல்லுக்குள் இப்படி மூன்று கோடி உருண்டைகள். நூலும் உருண்டையும் சேர்ந்ததற்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். கை விரலில் இருக்கிற செல்லிலும் கண்ணில் இருக்கிற செல்லிலும் இருப்பது ஒரே நூல். எந்த இடம் பிரிந்திருக்கிறது, எந்த இடம் இறுகியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பிரிந்திருக்கிற மரபணுவைத்தான் செல் படிக்கமுடியும். இறுகிக் கிடப்பது, எழுத்து ஒன்றுகூடக் கெடாமல் இருந்தாலும், இல்லாத மாதிரிதான்.

இந்த உருண்டைகளை நகர்த்தி, தளர்த்தி, நூலை வெளியே எடுத்துக் கொடுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி-யைச் செலவழித்து இந்த வேலையைச் செய்கின்றன. ஸ்விட்ச்-ஸ்னிஃப் கூட்டம் என்பார்கள். 1980-களில் முதலில் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையைப் புளிக்கவைக்க முடியாமல்போன ஈஸ்ட்டில் எது கெட்டிருக்கிறது என்று தேடிப்போய்க் கிடைத்தது. ஒரு சின்ன ஈஸ்ட்டில் ஆரம்பித்த தேடல் எங்கள் பிள்ளையின் உள்ளங்கை வரைக்கும் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஸ்மார்க்-பி1 இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். குழந்தைகளுக்கு வருகிற ராப்டாய்டு கட்டி என்ற கொடிய புற்றில் இந்த மரபணு, 22-ஆம் குரோமோசோமில் இருப்பது, அழிந்துபோயிருக்கிறது என்று 1998-ல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். எபிதீலாய்டு சார்கோமாவிலும் அதே ஆள்தான் காணோம்.

இந்தக் கூட்டத்துக்கு எதிர்வேலை செய்கிற இன்னொரு கூட்டமும் செல்லில் உண்டு. ஹிஸ்டோனின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், 27-ஆவது இடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருளால் மூன்று முடிச்சுப் போட்டு அந்தப் பகுதியை மூடிவைக்கும். முடிச்சுப் போடுகிற நொதிக்கு ஈ.இசட்.எச்-2 என்று பெயர். அதுவும் கெட்டதல்ல, மூடவேண்டியதை மூடத்தானே வேண்டும். ஒருவர் பிரிக்க, ஒருவர் முடிச்சுப் போட, சரியான அளவில் ஓடுகிறது. பிரிக்கிற பக்கத்தில் ஸ்மார்க்-பி1 போய்விட்டால் கூட்டம் பலமிழந்துவிடும். முடிச்சுப் போடுகிறவரை எதிர்க்க ஆள் இல்லை. இனி பெருகாதே என்று பிரேக் போடுகிற மரபணுக்கள், நீ இன்ன செல்லாக முதிர்ந்துகொள் என்று சொல்கிற மரபணுக்கள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. செல் சின்னப்பிள்ளையாகவே நின்று பெருகிக்கொண்டே போகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விஷயம் ஒன்று. பெரும்பாலான புற்றுநோய்களில் நூலில் ஆயிரக்கணக்கில் எழுத்துப் பிழை இருக்கும். ராப்டாய்டு கட்டிகளின் மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தபோது இந்த ஒன்று போனதைத் தவிர பெரிதாக வேறு பிழையே இல்லை. 2002-ல் எலிகளுக்கு இந்த ஒரு மரபணுவை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். பாதி எலிகளுக்கு 11 வாரத்துக்குள் புற்று வந்துவிட்டது. அப்புறம் 2010-ல், அதே மாதிரி எலிகளில் முடிச்சுப் போடுகிற ஈ.இசட்.எச்-2-வையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கட்டி வரவில்லை. என் அப்பா கத்தியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நூல் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. நூலைப் பிரித்துக் கொடுக்கிற கையைச் செய்யவேண்டிய ஒரே ஒரு எழுத்துத்தொடர்தான் போயிருக்கிறது. அந்தக் கை போனதால் நூற்றுக்கணக்கான நல்ல மரபணுக்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன. இதை 'மரபணுக் கோளாறு' என்ற ஒரே சொல்லில் சுருக்கினால் எப்படிப் புரியும்?

இதே கூட்டம் வேறு மாதிரி கெடுவதும் உண்டு. சைனோவியல் சார்கோமா என்று ஒன்று. மூட்டுச் சவ்வின் பெயரை வைத்திருக்கிறார்களே தவிர சவ்விலிருந்து வருவதில்லை. பல வருஷத்துக்கு முன்னால் முழங்காலுக்குப் பின்னாலிருந்து எடுத்த அந்தக் கட்டியின் பிளாக் என் கையால் சீவியிருக்கிறேன், பள்ளிக்கூடம் படிக்கிற பெண். அதில் எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் அறுந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. பிரிக்கிற கூட்டத்தில் இருக்கிற எஸ்.எஸ்-18 என்ற ஆளின் வாலில், எஸ்.எஸ்.எக்ஸ் என்ற வேறொரு புரதத்தின் கடைசி 78 அமினோ அமிலம் ஒட்டிக்கொள்கிறது. 2013-ல் அமெரிக்காவில் சிகல் கடோக், ஜெரால்ட் கிராப்ட்ரீ இருவரும் காட்டினார்கள்: இந்த ஒட்டு ஆள் கூட்டத்துக்குள் நுழைந்து, இருந்த நல்ல ஆளையும் ஸ்மார்க்-பி1 புரதத்தையும் வெளியே தள்ளிவிட்டு, மொத்தக் கூட்டத்தையும் போகக்கூடாத இடத்துக்கு இழுத்துப் போகிறது. திறக்கக்கூடாததைத் திறக்கிறது. எங்கள் பிள்ளைக்குத் திறக்கவேண்டியது திறக்கவில்லை, அந்தப் பெண்ணுக்கு மூடியிருக்கவேண்டியது திறந்துகொண்டது. இரண்டுமே பிறக்கும்போது வந்தவை இல்லை.

மூடியிருப்பதைத் திறக்கலாமே என்று ஒரு நம்பிக்கை வருமல்லவா. அழிந்த எழுத்தை மாத்திரையால் எழுதமுடியாது, ஆனால் முடிச்சுப் போடுகிற கையைப் பிடித்து நிறுத்தலாம். டாசிமெட்டோஸ்டாட் என்ற மாத்திரை அதைத்தான் செய்கிறது. அறுவை சிகிச்சையால் முழுசாக எடுக்கமுடியாத, பரவிவிட்ட எபிதீலாய்டு சார்கோமாவுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 2020 ஜனவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. 62 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 15 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதாவது 9 பேர். இதை ஏன் எண்ணிக்கையோடு சொல்கிறேன் என்றால், 'புற்றுநோய்க்குப் புது மாத்திரை' என்று தலைப்புப் போட்டால் இங்கே ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைக்கும். 62-க்கு 9 என்பதையும் கூடவே போடுங்கள். அந்த ஒன்பது பேருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மற்ற 53 பேரும் இருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு மாத்திரை தேவைப்படவில்லை, இதுவரைக்கும். 2023 ஆடியில் வேலூரில் மோதிர விரலையும் அதன் கீழே உள்ளங்கை எலும்பையும் சேர்த்து எடுத்தார்கள். முன்கையில் இருந்த இரண்டையும் சுற்றியுள்ள நல்ல சதையோடு எடுத்தார்கள். மற்ற சார்கோமாக்கள் அவ்வளவாக நெறிக்குப் போகாது, இது போகும் என்பதால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. அப்புறம் ஆறு வாரம் ரேடியேஷன். குடியாத்தத்திலிருந்து தினமும் காலையில் பஸ், என் தம்பி கூடவே போவான். பால் பிராண்ட் 1946-ல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய ஊர் இது. கை என்றால் அதன் அருமை தெரிந்த ஊர். நான்கு விரலோடு இருக்கிற அந்தக் கையால் அவன் இன்றைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறான், டீ கிளாஸ் பிடிக்கிறான். கட்டிங் வேலைக்குப் போகமுடியவில்லை. அதே கம்பெனியில் கணக்குப் பார்க்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். நுரையீரலுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும், முதல் நாள் ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று என் தம்பி திண்ணையில் உட்கார்ந்து, "இன்னா பாவம் பண்ணனோ தெர்லக்கா, எங்கிட்டேர்ந்துதான் அவனுக்குப் போயிருக்கு" என்று அழுதான். அவன் மனைவி சாமிக்கு முடிந்துவைத்த காசை மூன்று கோவிலுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். நான்தான் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். கட்டியில் இல்லாத அந்த ஸ்மார்க்-பி1 ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது, தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று வருகிற இரண்டு பிரதியும் முழுசாக இருந்தது. உடம்பின் மற்ற செல்லில் எல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளங்கையில் ஒரு செல்லில் மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். தகப்பன் கொடுத்ததில் குறை இல்லை. ரிசல்ட்டை என் தம்பிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நேர்மையாக இதையும் சொல்லிவிடுகிறேன். ராப்டாய்டு கட்டி வருகிற குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணுக் குறை பிறப்பிலேயே, உடம்பு முழுக்க இருக்கும். அந்த வீடுகளில் அடுத்த குழந்தையைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். பரம்பரையே கிடையாது என்று ஒரேயடியாக எழுதச் சொல்லவில்லை. எந்த நோயில் இருக்கிறது, எந்த நோயில் பெரும்பாலும் இல்லை, ரத்தம் கொடுத்தால் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதை நீங்கள் பெரிய எழுத்தில் போட்டால் நான் ரொம்பச் சந்தோஷப்படுவேன். உடம்பிலிருந்து அறுத்து எடுத்த எந்த முண்டையும் குப்பையில் போட விடாதீர்கள். மருவோ, கொழுப்புக் கட்டியோ, ஆணியோ, டாக்டர் எதைச் சொன்னாலும் "பயாப்சிக்கு அனுப்புங்க" என்று கேளுங்கள். துண்டைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் உள்ள, வாய் அகலமான பாட்டிலில் போடவேண்டும். குளுக்கோஸ் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ போட்டுக் கொண்டுவந்த துண்டுகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். அழுகிப்போய், செல் எல்லாம் கரைந்து, அப்புறம் எந்த ஸ்டெயினும் வேலைக்கு ஆகாது. ஃபார்மலினில் ஊறி மெழுகில் ஏறிவிட்டால் அந்த பிளாக் பத்து இருபது வருஷம் ஆனாலும் பேசும். பிளாக் நோயாளிக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், இன்னொரு டாக்டரிடம் காட்டவேண்டும் என்று எழுதிக்கொடுத்து வாங்கலாம், கூச்சப்படவேண்டாம்.

கையிலோ காலிலோ ஆழமாக ஒரு கட்டி, பெரிய எலுமிச்சம்பழ அளவு, வளர்கிறது, வலி இல்லை என்றால் யாரிடமும் அறுக்கக் கொடுக்காதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ, அப்புறம் ஊசியில் ஒரு துண்டு, அந்த ஊசியும் பிறகு அறுவை செய்யப்போகிற டாக்டர் சொல்கிற இடத்தில், கையின் நீளவாக்கில். அவசரப்பட்டு முதலில் அறுத்துவிட்டால் பின்னால் வருகிற டாக்டர் அறுத்த இடம் முழுவதையும் எடுக்கவேண்டி வரும். அதற்காகச் சின்ன முண்டை லேசாக நினைக்கவும் கூடாது, எங்கள் பிள்ளையுடையது பட்டாணி. வலி இல்லை என்பது நல்ல சேதி இல்லை. நம் ஊரில் வலித்தால்தான் ஆஸ்பத்திரி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று கையால் தோல் வேலை செய்கிற ஜனம் எத்தனை ஆயிரம் இருக்கிறது. கையில் காய்ப்பும் வெட்டும் இல்லாத ஆளே கிடையாது. அதில் ஆறாமல் இரண்டு மாதம் நிற்கிற ஒரு புண்ணை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். காசநோய் மாத்திரை போட்டும் வளர்கிற கிரானுலோமா என்றால் ஐ.என்.ஐ-1 போட்டுப் பாருங்கள் என்று நோயாளியே கேட்கலாம். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

அவன் தங்கைக்கு இப்போது 22 வயது. பி.காம் முடித்திருக்கிறாள். அண்ணனுக்கு ரேடியேஷன் நடந்த ஆறு வாரமும் அவன் கைக்குக் கட்டுப் போட்டது அவள்தான். பேரணாம்பட்டு வீட்டார் முடியாது என்று சொல்லிவிடவில்லை. தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் காட்டலாம் என்றால் அது இங்கிலீஷில் இருக்கிறது, அவர்களுக்குப் புரியாது. நான் போய்ச் சொன்னால் பெண் வீட்டு ஆள் பூசி மெழுகுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை வாசகர் கடிதம் பகுதியில் சுருக்கிப் போடாமல், முடிந்தால் அதே ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் போடுங்கள். இடம் போதாது என்றால் நெசவுக் கதையை எடுத்துவிடுங்கள், தறி பார்க்காதவர்களுக்கு அது தேவையில்லை. 'கட்டியில் காணாமல்போன மரபணு ரத்தத்தில் இருந்தது' என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசுப் பரிசோதனைக்கூட ஊழியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.